காகிதத்தின்மேல் ஒட்டிய பெயர்

செஞ்சி,
3 ஆகஸ்ட் 2024

ஜெயசுதாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவது வழக்கம். உன் நலத்தை அலெக்சாண்டர் சென்னையிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் தொலைபேசியில் சொல்லிவிடுகிறான். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ என் அழைப்பை எடுப்பதில்லை. கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

ஆறாம் மாதத்தில், ஒரு கைப்பையும் இரண்டு புடவையுமாக, மாமியாரிடம் சொல்லிக்கொள்ளாமல் வல்லத்துக்குப் பேருந்து ஏறிய மருமகளைப் பற்றித் தெருவில் கேட்கிறார்கள். தாய்வீடு போயிருக்கிறாள் என்கிறேன். அது பொய்யல்ல.

நடந்ததை வரிசைப்படுத்துவோம். நீ காட்டும் மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்காகக் கர்ப்பிணிகளின் சிறுநீரில் புகையிலையின் தடயத்தைத் தேடினார்கள். சம்மதித்துக் கையெழுத்திட்டவள் நீதான். நிக்கோட்டின் உடலுக்குள் போனதும் கோட்டினின் என்ற பொருளாக மாறிச் சிறுநீரில் இறங்கும். பிறர் விட்ட புகையை மூச்சில் வாங்கியவர்களுக்குப் பத்து வரும், இருபது வரும். உன் பெயரில் வந்தது எழுநூற்றுப் பன்னிரண்டு. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள் சொல்கிறேன்: அந்த எண் காற்றில் வந்ததல்ல, வாயில் போட்டது.

அலெக்சாண்டர் பீடியைத் தொட்டதில்லை. உன் மாமனார் இருந்தவரை தொட்டதில்லை. உன் தாயார் ரத்தினம்மாளை மட்டும் புகையிலை அடக்காத கன்னத்தோடு நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய அதிக அறிவு தேவையில்லை.

இப்போது மறுபடி சோதித்துக்கொள்கிறேன் என்று அலெக்சாண்டரிடம் சொன்னாயாம். பயனில்லை. நிறுத்திய ஒரு வாரத்தில் சிறுநீர் சுத்தமாகிவிடும். பல மாதக் கதையைச் சொல்வது ஒன்றுதான்: பிறந்த குழந்தையின் முதல் மலம். உங்கள் ஊரில் காட்டுப்பீ என்பார்கள். தாய் உட்கொண்டது அதில் சேர்ந்துகொண்டே வரும். அதைச் சோதிக்கவும் அதே மருத்துவமனையில் ஏற்பாடு இருக்கிறது.

அந்த அளவுக்குப் போக வேண்டாம் என்பது என் விருப்பம். ஒப்புக்கொள், விட்டுவிடு, திரும்பி வா.

வெரோனிகா பிலவேந்திரன்


வல்லம்,
9 ஆகஸ்ட் 2024

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நடந்ததை வரிசைப்படுத்துவோம் என்று எழுதிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிட்டீர்கள். அதை நான் எழுதுகிறேன்.

ஜூலை இருபத்தெட்டு. நம் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவின் கத்தோலிக்கப் பெண்கள் மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்பதில் அந்த மாதம் நம் முறை. பதினான்கு பேர். நான் சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். வேற்று மதத்திலிருந்து வந்தவள்தான். ஆனாலும் அந்தக் கூட்டம் எனக்குப் பிடிக்கும், எல்லாரும் பாடுவார்கள். மன்றாட்டு நேரம் வந்தது. ஒருவர் மழைக்கு மன்றாடினார், ஒருவர் மகனின் விசாவுக்கு. பிறகு உங்கள் குரல். "என் மருமகள் ஜெயசுதா தன் வயிற்றிலுள்ள சிசுவுக்குத் தீங்கு செய்யும் புகையிலைப் பழக்கத்திலிருந்து விடுபட வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." நான் தட்டோடு வாசற்படியில் நின்றேன். பதினான்கு பேரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அதற்குப் பிறகு லூசி அக்கா "எவ்ளோ டீச்சர் இருந்துச்சு?" என்று கேட்க, நீங்கள் எண்ணையும் சொன்னீர்கள்.

நான் டீ கொடுத்தேன். கொடுத்து முடித்துவிட்டுத்தான் பையை எடுத்தேன்.

உங்கள் மகனிடம் சொன்னேன். "அம்மா அளந்து பேசறவங்க ஜெயா. ஒத்துக்கோ, வுட்டுடலாம்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். ஒத்துக்கொண்டால் போதுமாம்.

நான் புகையிலை போட்டதில்லை அத்தை. உங்கள் மகன் சத்தியம் செய்யச் சொல்கிறார். செய்ய மாட்டேன். விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டைக்குச் சீட்டு அடிக்கிற வேலையில் தினம் நூறு பேர் என்னை நம்புகிறார்கள். ஒருவரும் சத்தியம் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன், நீங்கள் படித்தவர். அன்று கொடுத்த அதே சிறுநீரில் எனக்குச் சர்க்கரை இரண்டு பிளஸ் என்று வந்தது. டாக்டர் பயந்துபோய் ரத்தத்தில் பார்த்தார், சர்க்கரையே இல்லை. மறுவாரம் சிறுநீரிலும் இல்லை. "என்னம்மா இது அதிசயம்" என்றார். அது எப்படி? அன்று நீங்களும் சர்க்கரைக்குக் கொடுத்தீர்களே, உங்களுக்கு எவ்வளவு வந்தது?

ஜெயசுதா


செஞ்சி,
16 ஆகஸ்ட் 2024

ஜெயசுதாவுக்கு,

கர்ப்ப காலத்தில் சிறுநீரகம் சில நாட்களில் சர்க்கரையைக் கசியவிடுவது உண்டு. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. என் சர்க்கரையைப் பற்றிய விசாரணை இங்கே தேவையற்றது.

மன்றாட்டைப் பற்றி எழுதியிருக்கிறாய். செபம் அவமானப்படுத்துவதற்காகச் செய்யப்படுவதல்ல. ஆயினும் எண்ணைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

குழந்தையின் சோதனையை முன்பு குறிப்பிட்டேன். யோசித்துப் பார்த்ததில் அது வேண்டாம். பிறந்த பிள்ளையை அப்படியெல்லாம் படுத்தக் கூடாது. இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். நான் மன்னித்துவிட்டேன். அலெக்சாண்டரிடமும் சொல்கிறேன். நீ திரும்பி வந்தால் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள்; கேட்கவிடமாட்டேன்.

இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு சாப்பிடாதே.

வெரோனிகா


வல்லம்,
28 ஆகஸ்ட் 2024

அத்தைக்கு,

செய்யாததற்கு மன்னிப்பு வாங்கி நான் எங்கே வைப்பேன்?

இப்போது சோதனை வேண்டும் என்பது நான்தான். உங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். குழந்தையின் முதல் மலத்தை எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் படிவத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தார். "இதுல வந்துட்டா நான் ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்" என்றார். எது வந்துவிட்டால் என்று சொல்லவில்லை. பூமிக்கு வந்ததும் என் பிள்ளை செய்யப்போகும் முதல் காரியம் அதன் தாய்க்குச் சாட்சி சொல்வது. நானும் கையெழுத்துப் போட்டேன். என் பெயர் நன்றாகவே வந்தது.

ஆனால் இதை எழுதத் தொடங்கியது அம்மாவுக்காக. உங்கள் எண்ணைக் கேட்டதிலிருந்து அவர் சரியாக இல்லை. மாதாமாதம் செஞ்சிக்கு வந்து எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினாரே, அதில்தான் போயிருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார்.

"என் கையில இருக்கிற நெடி எங்கடி போவும்? நான்தான் அந்தப் புள்ளைக்கு வெஷம் வச்சிருக்கேன்."

"அப்படியெல்லாம் அவ்ளோ போவாதும்மா."

"உங்க மாமியா படிச்சவங்க. கணக்கு போட்டு சொல்லிருக்காங்க. நீ பெருசா பேச வந்துட்ட."

முப்பது வருடமாக இடுப்பில் இருந்த புகையிலைச் சுருக்குப்பையை அவிழ்த்து எருக்குழியில் கொட்டிவிட்டார். தலைவலி, தூக்கமில்லை, கடலைக்காட்டில் களை எடுக்கும்போது மயங்கி விழுந்தார். வருகிற திங்கட்கிழமை அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அம்மனிடம் முறையிட்டுவிட்டு, மறுநாள் செஞ்சிக்கு வந்து உங்கள் காலில் விழப்போகிறாராம். "சம்பந்தியம்மா கால்ல வுழுந்து, தப்பு என்னுதுன்னு சொல்லிட்டா, உன்ன சேத்துக்குவாங்க" என்கிறார். தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

வருவார். நீங்கள் அப்போது என்ன சொல்வீர்கள் என்று யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயசுதா


செஞ்சி,
31 ஆகஸ்ட் 2024

ஜெயசுதாவுக்கு,

அஞ்சலில் போட்டால் அமாவாசைக்குள் வந்து சேராது. ஆட்டோ ஓட்டும் கன்னியப்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாகவே ஒட்டியிருக்கிறேன். முதலில் இதைச் செய்: உன் தாயாரை வர வேண்டாம் என்று சொல். அவர் விழுவதற்கு என் கால்களுக்கு அருகதையில்லை.

அந்தச் சிறுநீர் என்னுடையது.

நான் பொடி போடுகிறேன். மூக்கில் அல்ல, ஈறில் தேய்ப்பது. 1979இல் விடைத்தாள் திருத்தும் முகாமில் உடன் இருந்த ஓர் ஆசிரியை பழக்கிவிட்டாள்; நாற்பத்தைந்து வருடமாயிற்று. குளியலறையில், சலவைத்தூள் டப்பாவின் அடியில் இருக்கிறது. உன் மாமனார் அறியாமலேயே செத்தார். அலெக்சாண்டருக்குத் தெரியாது. புகையிலை போடுகிறவர்களைப் பற்றி நான் எவ்வளவு கடுமையாகப் பேசுவேன் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலையில் நடந்தது இது. மருத்துவமனை கொடுத்த ஒரே மாதிரியான இரண்டு குப்பிகள். உனக்கு ஒன்று, என் சர்க்கரைக்கு ஒன்று. நிறைந்த குப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நடப்பது அசிங்கம் என்று இரண்டையும் செய்தித்தாளில் சுற்றச் சொன்னேன். நீ சுற்றி வைத்தாய். பெயர்ச்சீட்டை நான் எழுதினேன். குப்பியில் ஒட்டாமல் காகிதத்தின்மேல் ஒட்டினேன். பிரித்துப் பார்க்க அருவருப்பாக இருந்தது. குப்பியில் எழுதாமல் அதன் மூடியில் பெயர் எழுதிய மாணவிகளுக்கே மதிப்பெண் குறைத்தவள் நான். வரிசையில் எனக்குப் பின்னால் ஆண்கள் நின்றார்கள். ஆய்வகப் பெண் காகிதத்தைக் களைந்துவிட்டு, "எது யாரோடதுங்க மேடம்?" என்றாள். நான் சுவரைப் பார்த்தபடி கையைக் காட்டினேன். ஏதோ ஒன்றைக் காட்டினேன்.

எனக்கு வந்த அறிக்கையில் சர்க்கரை இல்லை. இருபது வருடச் சர்க்கரைக்காரிக்கு, முந்தின நாள் மாம்பழம் தின்றவளுக்கு, இல்லை. மகிழ்ச்சியடைந்தேன். அன்பியத்தில் மன்றாடியபோது இது எனக்குத் தெரியுமா என்று கேட்பாய். தெரியாது என்று எழுதினால் பொய். தெரியும் என்றாலும் சரியாக இராது. பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை. அதை நான் பல வருடங்களாகப் பயிற்சி செய்திருக்கிறேன். உன் ஒன்பதாம் தேதிக் கடிதம் வந்தபின் தெரியும். நிச்சயப்படுத்த என் சிறுநீரைச் சென்னைக்கு அனுப்பினேன். அறுநூற்று எண்பது. அந்த முடிவை மேசையில் வைத்துக்கொண்டுதான் உனக்கு மன்னிப்பு வழங்கி எழுதினேன்.

சோதனை பொய் சொல்லவில்லை. எண்ணுக்கு நான் கொடுத்த விளக்கமும் சரி. ஆள்தான் வேறு.

இன்று காலை பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அலெக்சாண்டரிடம் ஆய்வகத்தில் பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன். படிவத்தை அவன் திரும்பப் பெற்றுக்கொள்வான். இதற்குமேல் தெருவுக்கு விளக்க வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைக்கிறேன். எனக்கு எழுபத்து மூன்று வயது.

வெரோனிகா


வல்லம்,
7 செப்டம்பர் 2024

அத்தைக்கு,

அம்மாவை நிறுத்திவிட்டேன். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். நீங்கள் வருத்தப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் காட்டினேன். கேட்டு முடித்தார். பிறகு, "படிச்சவங்களும் நம்மள மாதிரிதானா" என்றார். அப்புறம் அழுதார்.

உங்கள் டப்பாவை எனக்குத் தெரியும். கல்யாணமான மூன்றாம் மாதம் துணி துவைக்கும்போது கையில் பட்டது. எப்படி இருந்ததோ அப்படியே வைத்தேன். உங்கள் மகனிடம்கூடச் சொல்லவில்லை. வயதானவர், அது அவருடைய விஷயம் என்று இருந்துவிட்டேன். ஆனால் பெயர் மாறியிருக்கும் என்று எனக்கு ஒரு நொடி தோன்றியதில்லை. நீங்கள் ஒட்டினால் சரியாகத்தான் இருக்கும். உங்களைச் சந்தேகப்படுவதைவிட என்னைச் சந்தேகப்படுவது சுலபமாக இருந்தது. சாப்பிட்டதையெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். பல்பொடியை முகர்ந்து பார்த்தேன். அதற்குத்தான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஆய்வகத்தில் பிழை என்று சொல்லப்போகிறீர்களா? அந்தப் பெண் உங்களைக் கேட்டாளே அத்தை. கேட்டுத்தானே வாங்கினாள். அவள் வேலைக்கு ஆபத்து வந்தால் அதற்கும் ஒரு மன்றாட்டு வைப்பீர்களா?

சாமியாரிடம் சொன்னது உங்களுக்கும் கடவுளுக்கும். பதினான்கு பேரிடம் சொன்னது என்னைப் பற்றி. அடுத்த அன்பியம் இருபத்திரண்டாம் தேதி, லில்லி அக்கா வீட்டில். அங்கே சொல்லுங்கள். எண்ணோடு சொல்லுங்கள். உங்கள் மகனிடமும் அதே வார்த்தைகளில். இல்லையென்றால் படிவம் படிவமாகவே இருக்கட்டும். என் பிள்ளை வந்து சொல்லட்டும்.

வயதைச் சொன்னீர்கள். எனக்கு இருபத்தாறு. இதே தெருவில் நான் இன்னும் எத்தனை வருடம் இருக்க வேண்டும்?

ஜெயசுதா


செஞ்சி,
23 செப்டம்பர் 2024

ஜெயசுதாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லில்லியின் வீட்டில் நேற்றுப் பன்னிரண்டு பேர். பாடல், வாசகம் எல்லாம் முடிந்து மன்றாட்டுக்கு வந்தார்கள். முழங்காலில் வலி, ஆயினும் எழுந்து நின்றேன்.

"ஒக்காந்தே சொல்லுங்க டீச்சர்," என்றாள் லில்லி. "யாருக்கு மன்றாட்டு?"

"மன்றாட்டு இல்லை. ஒரு திருத்தம்."

சொன்னேன். எழுதி வைத்திருந்த தாளைப் பார்க்காமலே சொல்ல முடிந்தது. எழுநூற்றுப் பன்னிரண்டு என்னுடையது. குப்பியை மாற்றிக் காட்டியவள் நான். தெரிந்தபின்னும் வாய் திறக்காமல் இருந்தவள் நான். டப்பாவை எடுத்து லில்லியின் செபப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தேன்.

முதலில் பேசியவள் லூசி. "நீங்க பொடி போடறது எங்களுக்குத் தெரியும் டீச்சர்."

"என்ன?"

"பக்கத்துல ஒக்காந்தா நெடி வருமே. எத்தினி வருஷமா கோயில்ல உங்க பக்கத்துல ஒக்காறேன். பெரியவங்கன்னு வுட்டுட்டோம்."

நாற்பத்தைந்து வருடம் நான் மறைத்ததாக நினைத்ததை இந்தத் தெரு எனக்காக மறைத்து வைத்திருக்கிறது. எனக்குக் கோபம்தான் வந்தது. அதைக் கேள்வியாக மாற்றினேன். "தெரியுமென்றால், அன்று அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னபோது ஏன் ஒருத்திகூட வாய் திறக்கவில்லை?"

"நீங்க நம்பரு சொன்னீங்களே," என்றாள் லூசி. "எழுநூத்திப் பன்னெண்டுன்னு. நீங்க நம்பரு சொன்னா நாங்க இன்னா பேசறது?"

யாரோ சிரித்தார்கள். லில்லி சிரிக்கவில்லை. "அன்னிக்கு அந்தப் பொண்ணு டீ குடுத்துச்சு. வாங்கி நாற்காலிக்கு அடியில வச்சுட்டேன், குடிக்கல. அது பாத்துச்சு. நீங்க சொல்லிட்டீங்க டீச்சர், உங்களுக்கு முடிஞ்சுபோச்சு. நான் எங்க போய்ச் சொல்றது?"

அவள் கேட்டதை உன்னிடம் சேர்ப்பது மட்டும் என்னால் ஆகும்.

அலெக்சாண்டரை வரவழைத்து, அதே வார்த்தைகளில் அவனிடமும் சொன்னேன். முழுவதும் கேட்டான். "அவ எத்தினி தடவ சொன்னா, நான்தாம்மா கேக்கல," என்றான். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டில் போட்ட சோற்றைத் தொடாமல் பேருந்து நிலையத்துக்குப் போனான். வல்லம் பேருந்தா, சென்னைப் பேருந்தா என்று நான் கேட்கவில்லை.

ஆய்வகத்துக்கும் எழுத்தில் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் படித்துவிட்டு, "பரவால்ல மேடம்" என்றாள். பரவாயில்லை என்று விடக்கூடியது அல்ல என்று அவளிடம் சொன்னேன்.

பொடியை விட்டுவிட்டேன் என்று எழுதினால் இந்தக் கடிதம் அழகாக முடியும். உன் கடிதம் வந்ததும் மூன்று நாள் விட்டேன். நான்காம் நாள் நானே கடைக்குப் போய் வாங்கினேன். உன் தாயாரிடம் கேள், முப்பது வருடப் பழக்கத்தை அவர் எப்படி ஒரே நாளில் எருக்குழியில் போட்டார் என்று. எனக்கு அந்தத் திராணி இல்லை.

குழந்தையைப் பார்க்க வரலாமா என்று கேட்க மாட்டேன்.

வெரோனிகா


வல்லம்,
26 அக்டோபர் 2024

அத்தைக்கு,

திங்கட்கிழமை விடிகாலையில் பெண் குழந்தை. இரண்டு கிலோ தொள்ளாயிரம். உங்கள் மகன் தொலைபேசியில் சொல்லியிருப்பார். நானும் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

அவர் அன்று ஏறியது வல்லம் பேருந்துதான். இரண்டு நாள் நான் பேசவில்லை. மூன்றாம் நாள் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். இன்னும் எல்லாம் சரியாகிவிடவில்லை.

பிள்ளை பிறந்த அன்று மத்தியானம் நர்ஸ் சின்னக் குப்பியோடு வந்தார். "ஆராய்ச்சிக்குத்தான் சார், கையெழுத்து போட்டிருக்கீங்க" என்றார். உங்கள் மகன் படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி என்னிடம் நீட்டினார். "நீ சொல்லு." கொடுத்திருந்தால் சுத்தமாகத்தான் வந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் காட்டியிருக்கலாம். எனக்கு அந்த ஆசையும் இருந்தது. வேண்டாம் என்றேன். அவர் காட்டுப்பீயால் கறுத்த அந்தத் துணியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அம்மா பின்னாலேயே ஓடினார். "இன்னா மாப்ள இது, ஆம்பள தொவைக்கிற துணியா, குடுங்க." அவர் கொடுக்கவில்லை. ரொம்ப நேரம் துவைத்தார்.

லில்லி அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் செஞ்சிக்கு வந்தால் அவர் வீட்டுக்குப் போய் டீ கேட்பேன்.

அம்மா மறுபடி புகையிலை போடத் தொடங்கிவிட்டார். திராணி யாருக்கும் இல்லை அத்தை, நீங்கள் ஒன்றும் அவரிடம் பாடம் கேட்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வாருங்கள். ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். குழந்தையைத் தூக்குவதற்கு முன் வாயைக் கொப்பளித்து, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அம்மாவுக்கும் அதேதான், தினம் முணுமுணுத்துக்கொண்டே கழுவுகிறார். உங்களுக்கும் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜெயசுதா